சுண்டெலியில் கட்டிச் செல்களைப் பதித்து நோயெதிர்ப்பை அளப்பது: முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலில் இந்தச் சோதனையைச் செய்தபோது, 20 பால்ப்/சி சுண்டெலிகளின் விலாவில் சிடி26 என்னும் பெருங்குடல் கட்டிச் செல்களைப் பதித்தேன். எட்டாம் நாள் எல்லாவற்றிலும் பட்டாணி அளவுக் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. பதினான்காம் நாள் மருந்து கொடுத்த பத்து சுண்டெலிகளிலும் கட்டி சுருங்கியிருந்தது. அந்த மகிழ்ச்சி அடுத்த கூண்டைத் திறக்கும்வரைதான் நீடித்தது, ஏனென்றால் மருந்தே கொடுக்காத பத்திலும் கட்டி சுருங்கியிருந்தது. நான் பயன்படுத்திய செல்களில், ஒளிப்படம் எடுக்க வசதியாக, ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதமும் மின்மினியின் லூசிஃபெரேஸும் ஏற்றப்பட்டிருந்தன. சுண்டெலியின் நோயெதிர்ப்பு மண்டலம் அந்த அந்நியப் புரதங்களைக் கண்டுதான் போரிட்டது. ஆனால் நான் அளந்ததாக நினைத்தது புற்றுக்கு எதிரான எதிர்ப்பை.

இந்தத் துறையில் புதிதாக நுழைபவர்களுக்கு நேரும் இடர்கள் பெரும்பாலும் இதே வகையைச் சேர்ந்தவை. செல்லைப் பதித்தால் எதிர்ப்பு நிச்சயம் வரும், ஆனால் அது எதற்கு எதிராக வருகிறது என்பதை உறுதிசெய்யத்தான் கீழே சொல்லும் வேலையில் பாதிக்கு மேல் தேவைப்படுகிறது. (ஒரு சிறு எச்சரிக்கை: சிடி8, சிடி4 என்பவை டி செல் எனப்படும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களின் மேற்பரப்புக் குறிகள், சிடி26 என்பது இக்கட்டுரையில் ஒரு கட்டிச் செல்வழியின், அதாவது குடுவையில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வகையின், பெயர். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் குழம்பிவிட வேண்டாம்.)

1. சுண்டெலியின் இனத்தையும் கட்டியின் இனத்தையும் பொருத்துங்கள்

ஆய்வகச் சுண்டெலிகள் பல தலைமுறை உடன்பிறப்புக் கலப்பால் மரபணு அளவில் ஏறக்குறைய ஒன்றாக ஆக்கப்பட்ட உட்கலப்பு இனங்கள். கட்டிச் செல் எந்த இனத்தில் தோன்றியதோ அதே இனத்தில் பதித்தால், உடல் அதை ஒட்டு உறுப்பாகக் கருதி நிராகரிக்காது. சி57பிஎல்/6 இனத்தின் திசுப்பொருத்த வகை எச்-2பி, பால்ப்/சி இனத்தினுடையது எச்-2டி. ஒன்றின் கட்டியை மற்றதில் பதித்தால் ஒரு வாரம்வரை வளர்வதுபோலத் தோன்றி, பிறகு இரண்டாம் வாரத்தில் கரைந்துவிடும். அது புற்றுநோய் எதிர்ப்பு அன்று, வேற்றுத் திசுவை நிராகரிக்கும் செயல்தான். கட்டி தொடக்கத்தில் வளர்வதாலேயே பலரும் இதில் ஏமாறுகிறார்கள்.

இனப் பெயர் பொருந்தினால் மட்டும் போதாது. சி57பிஎல்/6 என்ற ஒரே பெயரில் ஜே, என் என்று இரண்டு துணை இனங்கள் உலவுகின்றன. ஜே வகையில் என்என்டி என்ற மரபணு பழுதடைந்திருக்கிறது, என் வகையில் விழித்திரையைப் பாதிக்கும் ஒரு மாற்றம் இருக்கிறது. மரபணு நீக்கிய சுண்டெலி ஒரு துணை இனத்திலும் அதன் கட்டுப்பாட்டுச் சுண்டெலி மற்றொன்றிலும் இருந்தால், கிடைக்கும் வேறுபாட்டை எதனோடும் இணைத்துப் பேச முடியாது. இயன்றவரை ஒரே பெற்றோரின் குட்டிகளையே இரு குழுக்களுக்கும் எடுங்கள்.

பாலினமும் கணக்கில் வர வேண்டும். ஆண் சுண்டெலியில் தோன்றிய செல்லைப் பெண்ணில் பதித்தால், ஒய் குரோமோசோம் சார்ந்த எச்-ஒய் ஆன்டிஜென்கள் (நோயெதிர்ப்பைத் தூண்டும் புரத அடையாளங்கள்) அந்தப் பெண்ணுக்கு அந்நியமானவை. சி57பிஎல்/6 பெண்கள் அதே இன ஆணின் தோல் ஒட்டையே நிராகரிக்கக்கூடியவை. பெண் சுண்டெலிகள் கூண்டில் சண்டையிடுவது குறைவு என்பதால் எல்லோரும் பெண்களையே வாங்குகிறார்கள். அப்படியானால் உங்கள் செல்வழி எந்தப் பாலினத்தில் தோன்றியது என்பதைப் பதிவேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

2. கட்டியின் குணத்தை அறிந்து தேர்ந்தெடுங்கள்

"எங்கள் ஆய்வகத்தில் இதுதான் இருக்கிறது" என்பதே பெரும்பாலான தேர்வுகளுக்குக் காரணம். அது குற்றமில்லை, ஆனால் கையில் இருப்பதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். பி16-எஃப்10 மெலனோமா செல்கள் செல்லின் உள்ளிருக்கும் புரதத் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டும் முதல்வகைத் திசுப்பொருத்தப் புரதத்தை மிகக் குறைவாகவே மேற்பரப்பில் காட்டுவதால், டி செல்களின் கண்ணில் எளிதில் படுவதில்லை. நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம் பட்டால் அந்தத் திசுப்பொருத்தப் புரதம் கூடும். டி செல்லுக்குத் தடை போடும் பிடி-1 என்ற புரதத்தை மறிக்கும் மருந்தைத் தனியாகக் கொடுத்தால் இது பெரும்பாலும் பணியாது. சிடி26, எம்சி38 ஆகிய பெருங்குடல் கட்டிகள் இதற்கு எதிர்த்திசை: டி செல்கள் நிறைய நுழையும், டி செல் மீதான இத்தகைய தடைகளை நீக்கும் மருந்துகள் ஓரளவு பலன் தரும். ஒரு மருந்து சிடி26-இல் வேலை செய்தது என்பதை வைத்து அது எல்லாக் கட்டிக்கும் வேலை செய்யும் என்று முடிவுகட்டுவது அவசரம்.

4டி1 மார்பகக் கட்டி தனி ரகம். மார்புக் கொழுப்புத் திண்டில் பதித்தால் தானாகவே நுரையீரலுக்குப் பரவும், கூடவே எலும்புமஜ்ஜையைத் தூண்டி இரத்தத்தையும் மண்ணீரலையும் நியூட்ரோஃபில் போன்ற வெள்ளணுக்களால் நிரப்பிவிடும். மூன்றாம் வாரத்தில் மண்ணீரலை எடுத்துப் பார்த்தால் இயல்பைவிடப் பல மடங்கு வீங்கியிருக்கும். அப்போது மண்ணீரலில் டி செல்களின் விழுக்காடு குறைந்திருப்பதைக் கண்டு "டி செல்கள் அழிந்துவிட்டன" என்று எழுதிவிடாதீர்கள். மற்ற செல்கள் பெருகியதால் விழுக்காடு சரிந்திருக்கலாம், எண்ணிக்கையை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

குறிப்பிட்ட ஓர் ஆன்டிஜெனைப் பின்தொடர வேண்டுமானால், முட்டை வெண்கருப் புரதமான ஓவால்புமின் ஏற்றிய செல்லும், அதை அடையாளம் காணும் ஓடி-1 டி செல்களும் கருவிப்பெட்டியாகவே கிடைக்கின்றன. ஆனால் ஓவால்புமின் மிக வலுவான அந்நியப் புரதம். அதை ஏற்றாத தாய்ச் செல்லையும் பக்கத்தில் ஒரு குழுவாக வைத்தே ஆக வேண்டும். பச்சை ஒளிர்புரதத்துக்கும் லூசிஃபெரேஸுக்கும் இதே விதிதான். பச்சை ஒளிர்புரதத்துக்கு எதிரான எதிர்ப்பு பால்ப்/சி இனத்தில் சி57பிஎல்/6-ஐவிடக் கடுமையாக வருவது அறியப்பட்ட விஷயம், எனக்குத்தான் அது அப்போது தெரியவில்லை.

3. ஆவணங்கள்: சுண்டெலிக்கு முன்பே தொடங்குங்கள்

செல் வளர்ப்பதைவிட ஆவணம் நகர்வதுதான் மெதுவாக நடக்கும். விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு சுண்டெலியைக்கூட வாங்க முடியாது. குழு மாதம் ஒருமுறையோ அதைவிட அரிதாகவோதான் கூடும், முதல் கூட்டத்தில் கேள்விகளுடன் திருப்பி அனுப்புவதும் வழக்கம். ஆகவே விண்ணப்பம் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து முதல் ஊசி போடும் நாள்வரை நான்கு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் குழு தேடுவது சில விடைகளைத்தான். விலங்கு இல்லாமல் இதைச் செய்ய முடியாதா? இத்தனை சுண்டெலி ஏன்? வலி எப்படித் தணிக்கப்படும்? எந்த நிலையில் சோதனையை நிறுத்தி, சுண்டெலியை வலியின்றி முடித்துவைப்பீர்கள்? எண்ணிக்கைக்கான நியாயத்தைப் புள்ளியியல் கணக்காகக் கொடுங்கள். "முந்தைய கட்டுரைகளில் பத்து வைத்திருந்தார்கள்" என்பது விடையாகாது. முடிவு வரம்புகளைப் பொதுவாக எழுதாமல் எண்ணாக எழுதுங்கள்: கட்டியின் நீளம் இத்தனை மில்லிமீட்டர், எடை இழப்பு 20 விழுக்காடு, புண் உடைதல், நடையில் தடுமாற்றம். இவற்றில் எது முதலில் வந்தாலும் அந்தச் சுண்டெலியின் சோதனை அன்றே முடியும்.

இங்கே நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். முதல் விண்ணப்பத்தில் கட்டி வளர்ச்சியை அளப்பதை மட்டும் எழுதினேன். முடிவு நன்றாக வந்ததும், சிடி8 டி செல்களை (மற்ற செல்களைக் கொல்லும் வகையை) நீக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அது விண்ணப்பத்தில் இல்லை. திருத்த விண்ணப்பமும் முழு விண்ணப்பம் அளவுக்கே நாள் எடுத்தது. அதற்குள் அந்தச் செல்களின் உறைகுப்பிகளும் தீர்ந்தன. ஆகவே டி செல் நீக்கம், இயற்கைக் கொல்லி செல் நீக்கம், குணமானவற்றில் மறுபடி கட்டியைப் பதித்தல், இரத்தம் எடுத்தல் ஆகியவற்றை "தேவைப்பட்டால்" என்ற நிபந்தனையோடும் சுண்டெலி எண்ணிக்கையோடும் முதல் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

மற்ற தாள்கள் சிறியவை, ஆனால் எதையும் விட முடியாது. மரபணு மாற்றிய செல் என்றால் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி. வேறு ஆய்வகத்திலிருந்து செல் வாங்கினால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம்; இதில் இரு நிறுவனங்களின் சட்டப் பிரிவும் கையொப்பமிட வேண்டியிருப்பதால் வாரக்கணக்கில் ஆகும். விலங்குகளைக் கையாளும் பயிற்சிச் சான்று, உங்கள் பெயரில். செல்களில் கொறிவிலங்குக் கிருமிகள் இல்லை என்ற சோதனை அறிக்கை, விலங்கு மனைக்கு. இந்தக் கடைசித் தாளைத்தான் பலரும் மறந்துவிட்டு, பதிக்கும் நாள் காலையில் விலங்கு மனை வாசலில் நிற்கிறார்கள்.

4. செலவைச் சுண்டெலி விலையால் கணக்கிடாதீர்கள்

புதியவர்கள் சுண்டெலியின் விலையை எண்ணிக்கையால் பெருக்கி நிதி கேட்டுவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள். அது பெரும்பாலும் சிறிய பங்குதான். ஒரு மாதிரிக் கணக்கு: நான்கு குழு, குழுவுக்குப் பத்து, மொத்தம் 40 சுண்டெலிகள். கூண்டுக்கு ஐந்து என்றால் 8 கூண்டுகள். பழகும் வாரத்தையும் சேர்த்து ஆறு வாரம் வைத்தால் 336 கூண்டு-நாள் கட்டணம். எதிர்ப்பொருள் சுண்டெலிக்கு ஒரு தவணை 200 மைக்ரோகிராம், நான்கு தவணை, பத்து சுண்டெலி என்றால் 8 மில்லிகிராம். அதே அளவு ஒத்தவகைக் கட்டுப்பாட்டு எதிர்ப்பொருளும் (அதே வகையைச் சேர்ந்த, ஆனால் இலக்கைப் பிடிக்காத எதிர்ப்பொருள்) வேண்டும். இது ஆய்வகத்தில் நிறமேற்றப் பயன்படும் சிறு குப்பிகளில் வாங்கக் கூடிய அளவு அன்று. உயிருள்ள விலங்குக்குக் கொடுப்பதற்கென்றே கெடாமல் காக்கும் பதப்பொருள் இல்லாமலும், எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய நச்சு குறைவாகவும் தயாரித்ததை மொத்தமாக வாங்க வேண்டும். கடைசியாக, நிறமேற்றிய செல்களை ஒவ்வொன்றாக வகைபிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி இயந்திரத்தின் மணிநேரக் கட்டணம், அதற்கான நிற எதிர்ப்பொருள்கள். என் கணக்கேடுகளில் எதிர்ப்பொருள்களும் கூண்டு-நாள்களும் சேர்ந்துதான் எப்போதும் முதலிடத்தில் நிற்கின்றன.

சில சுண்டெலிகளில் கட்டி பிடிக்காது, சிலவற்றில் தொடக்கத்திலேயே புண் உடையும். இதற்காக ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்க வேண்டும், அந்தக் கூடுதலும் ஒப்புதல் எண்ணிக்கைக்குள் இருக்க வேண்டும்.

5. செல்களைச் சோதித்து, ஒரே நாளில் உறையவையுங்கள்

செல்கள் வந்ததும் மைக்கோபிளாஸ்மா சோதனை செய்யுங்கள். இந்தப் பாக்டீரியா வளர்ப்புக் குடுவையைக் கலங்கச் செய்யாது, ஆனால் தன் கொழுப்புப்புரதங்களால் நோயெதிர்ப்பு மண்டலத்தை நேரடியாகத் தூண்டும். அடுத்து சுண்டெலி செல்வழிகளுக்கான மரபணு அடையாளச் சோதனை. பெயர்ச்சீட்டு மாறிய குப்பிகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். மூன்றாவதாகக் கிருமிச் சோதனை. லாக்டேட் டிஹைட்ரோஜனேஸ் உயர்த்தும் வைரஸ், சுண்டெலி ஹெபடைட்டிஸ் வைரஸ் போன்றவை கட்டிச் செல்லோடு ஒட்டிவந்து ஒரு விலங்கு மனை முழுவதையும் பாழாக்கும். செல்லோடு மேட்ரிஜெல் என்ற கூழ்மம் கலந்து பதிப்பதாக இருந்தால், அதுவே சுண்டெலிக் கட்டியிலிருந்து எடுக்கப்படும் பொருள் என்பதால், லாக்டேட் டிஹைட்ரோஜனேஸ் உயர்த்தும் வைரஸ் இல்லாதது என்று சான்றளித்த தொகுதியை மட்டும் வாங்குங்கள்.

சோதனை தேறியதும் செல்களைப் பெருக்கி, ஒரே நாளில், ஒரே பாசேஜ் எண்ணில் (செல்களைப் புதுக் குடுவைக்கு மாற்றிய முறைகளின் எண்ணிக்கை), இருபது முப்பது குப்பிகளாக உறையவையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குப்பியை உறைநீக்கி, இரண்டு அல்லது மூன்று பாசேஜுக்குள் பதித்துவிட வேண்டும். மாதக்கணக்கில் குடுவையில் ஓடிய செல், ஆன்டிஜெனை இழந்தோ வேகம் மாறியோ இருக்கும்.

6. சுண்டெலிகள் வந்த பிறகு ஒரு வாரம் தொடாதீர்கள்

ஆறு முதல் எட்டு வார வயதுச் சுண்டெலிகளே வழக்கம். பயணக் களைப்பால் ஏறும் அழுத்த ஹார்மோன்கள் டி செல்களை அடக்குவதால், வந்த பின் குறைந்தது ஒரு வாரம் பழகவிட வேண்டும். எல்லாச் சுண்டெலிகளையும் ஒரே விற்பனையாளரிடம், ஒரே தொகுதியில் வாங்குங்கள். இரு வேறு விற்பனையாளர்களின் சி57பிஎல்/6 சுண்டெலிகளில் மெலனோமா வெவ்வேறு வேகத்தில் வளர்ந்ததும், அதற்குக் குடல் பாக்டீரியா காரணம் என்பதும் 2015-இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. அறை வெப்பமும் அப்படித்தான்: வழக்கமான 22 டிகிரியில் சுண்டெலிக்கு எப்போதும் குளிர்தான், சுமார் 30 டிகிரியில் வைத்தவற்றில் கட்டி எதிர்ப்பு மேம்படுவது பதிவாகியிருக்கிறது. நீங்கள் அறை வெப்பத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கூண்டுகளில் பாதி கதவோரக் காற்றிலும் பாதி உள்மூலையிலும் இருக்கும்படி விடாதீர்கள்.

7. பதிக்கும் நாள்

அன்றைய வேலை முழுவதும் கடிகாரத்தோடு போட்டி. முந்தின நாளே குடுவையில் செல்கள் 70 முதல் 80 விழுக்காடு இடத்தை மூடியிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நிரம்பி வழியும் குடுவையில் செத்த செல் அதிகம். டிரிப்சின் நொதியால் பிரித்ததும் ஊடகம் ஊற்றி நிறுத்தி, பிறகு சீரம் இல்லாத உப்புக்கரைசலில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். கன்றுக்குட்டிச் சீரத்தின் புரதங்கள் செல்லோடு ஒட்டிச் சென்றால் சுண்டெலி அவற்றுக்கும் எதிர்ப்புக் காட்டும். மறுபடி செல் பதிக்கும் சோதனையில் இது பெரிய குழப்பத்தைத் தரும், ஏனென்றால் இரண்டாம் முறையும் அதே மாட்டுப் புரதம்தான் உள்ளே போகிறது.

செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிபான் நீலச் சாயத்தில் எண்ணி, உயிருள்ளவை 90 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அன்று பதிக்காதீர்கள். செத்த செல்கள் வெறும் கழிவல்ல, அவற்றைத் தின்று ஆன்டிஜெனை டி செல்களுக்குக் காட்டும் டென்ட்ரிடிக் செல்களுக்கு அவையே ஒரு தடுப்பூசி போன்றவை. பி16-எஃப்10, 4டி1 ஆகியவற்றுக்குச் சுண்டெலிக்கு 1 லட்சம் செல் அளவிலும், சிடி26, எம்சி38 ஆகியவற்றுக்கு 5 லட்சம் அளவிலும் தொடங்கலாம். ஆனால் உங்கள் குப்பிக்கான எண்ணை மூன்று அளவுகளில் சிறு முன்சோதனை செய்தே முடிவு செய்ய வேண்டும். மிகக் கூடுதலாகப் பதித்தால் நோயெதிர்ப்பு எழுவதற்குள் கட்டி வளர்ந்து முந்திவிடும், மிகக் குறைவாகப் பதித்தால் பாதிச் சுண்டெலிகளில் பிடிக்காது.

5 லட்சம் செல்லை 0.1 மில்லிலிட்டரில் கொடுக்க, மில்லிலிட்டருக்கு 50 லட்சம் செறிவில் கரைசல் தயாரித்து, பனிக்கட்டியில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். செல்கள் கனமானவை, குழாயின் அடியிலும் ஊசிக்குழலின் உள்ளேயும் படியும். ஒவ்வொரு முறை உறிஞ்சும் முன்பும் குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால், முதல் சுண்டெலிக்கும் கடைசிச் சுண்டெலிக்கும் போகும் செல் எண்ணிக்கை வேறாகிவிடும். எல்லாம் முடிந்த பிறகு குழாயில் மிஞ்சியதை மறுபடி எண்ணி, உயிருள்ள விழுக்காட்டைக் குறித்துவையுங்கள். இந்த ஐந்து நிமிட வேலை எனக்குப் பலமுறை பதில் சொல்லியிருக்கிறது.

விலாவில் முடியை முந்தின நாளே மழித்திருக்க வேண்டும். தோலைக் கூடாரம்போல் தூக்கி, 26 அல்லது 27 கேஜ் ஊசியைத் தோலுக்கு அடியில் நுழைத்து, துளையிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் முன்னே தள்ளி, மெதுவாகச் செலுத்துங்கள். தோலடியில் சிறு கொப்புளம் எழ வேண்டும். சில நொடி நிறுத்தி, ஊசியைச் சுழற்றியபடி உருவினால் கரைசல் பின்வழியே கசியாது. கொப்புளம் எழவில்லை என்றால் தசைக்குள்ளோ வயிற்றறைக்குள்ளோ போய்விட்டது. அதை மறைக்காமல் அந்தச் சுண்டெலியின் எண்ணுக்கு எதிரே எழுதிவிடுங்கள், இரண்டு வாரம் கழித்து வினோதமான கட்டியைக் கண்டு தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்காது.

8. உள்ளே எந்த நாளில் என்ன நடக்கிறது

எந்த நாளில் கட்டியை எடுப்பது என்பது இந்தக் கால அட்டவணை தெரிந்தால்தான் முடிவாகும். முதல் இரண்டு மூன்று நாள்கள் நியூட்ரோஃபில்களும் மேக்ரோஃபேஜ்களும் வருகின்றன. அவற்றில் பெரும்பகுதி ஊசிக் காயத்துக்கும் செத்த செல்களுக்கும் வந்தவை. வெறும் உப்புக்கரைசல் செலுத்திய விலாவிலும் இதில் ஒரு பகுதியைக் காண்பீர்கள். அதே நாள்களில் டென்ட்ரிடிக் செல்கள், குறிப்பாக பாட்ஃப்3 என்ற மரபணுவைச் சார்ந்து உருவாகும் முதல்வகை, கட்டியின் ஆன்டிஜெனை எடுத்துக்கொண்டு வடிகால் நிணநீர்க் கணுவுக்குப் பயணிக்கின்றன. விலாவில் பதித்தால் தொடைக்கவட்டுக் கணுவே முதலில் பார்க்க வேண்டியது. அங்கே டி செல்கள் தூண்டப்பட்டுப் பெருகுகின்றன.

ஏழாம் நாள் முதல் பத்தாம் நாள்வரை சிடி8 டி செல்கள் கட்டிக்குள் நுழைவதைக் காணலாம். அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, கட்டிச் செல்லில் திசுப்பொருத்தப் புரதத்தை ஏற்றி அதைக் கொலைக்கு இலக்காக்குகிறது, கூடவே பிடி-1-உடன் இணையும் பிடி-எல்1 புரதத்தையும் ஏற்றி டி செல்லுக்குத் தடை போடுகிறது. பிறகு எதிர்ப்பை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் கூடுகின்றன, நீண்ட நாள் ஆன்டிஜெனைக் கண்ட சிடி8 செல்கள் பிடி-1, டிம்-3 ஆகிய தடைப்புரதங்களைச் சேர்த்துக் காட்டியபடி சோர்வடைகின்றன. பத்தாம் நாளில் எடுத்தால் போர் தெரியும், இருபதாம் நாளில் எடுத்தால் தோல்வி தெரியும். இரண்டையும் ஒரே கேள்விக்கு விடையாக எழுத முடியாது. பதிக்கப்பட்ட கட்டி இரண்டு மூன்று வாரத்தில் முடிகிற ஓட்டம் என்பதையும், உடலில் தானாக எழும் புற்று, நோயெதிர்ப்போடு நெடுநாள் உறவாடி வளர்கிறது என்பதையும் கட்டுரையின் வரம்புகளில் நேர்மையாக எழுதுங்கள்.

9. அளத்தல், குழு பிரித்தல்

நீளத்தின் பாதியை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கன அளவு கிடைக்கும். 10 மில்லிமீட்டர் நீளம், 8 மில்லிமீட்டர் அகலம் என்றால் 320 கன மில்லிமீட்டர். அகலத்தை 9 என்று படித்துவிட்டால் 405. ஒரு மில்லிமீட்டர் தவறு கால் பங்குக்கு மேல் பிழையாகிறது. ஆகவே தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆள், ஒரே காலிப்பரால், எந்தச் சுண்டெலி எந்தக் குழு என்று தெரியாமல் அளக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை போதும்.

சிகிச்சைச் சோதனையில், கட்டி 50 முதல் 100 கன மில்லிமீட்டர் ஆனதும் குழுக்களின் சராசரி ஒன்றாக இருக்கும்படி குலுக்கிப் பிரியுங்கள். ஒரு கூண்டு முழுவதும் ஒரே குழுவாக இருந்தால் கூண்டின் விளைவையும் மருந்தின் விளைவையும் பிரிக்க முடியாது. ஊசியாகக் கொடுக்கும் மருந்தென்றால் ஒவ்வொரு கூண்டிலும் எல்லாக் குழுவையும் காதுக்குறியோடு கலந்து வையுங்கள். வாய்வழி மருந்து, பாக்டீரியா போன்றவற்றுக்கு இது பொருந்தாது, ஏனென்றால் சுண்டெலிகள் ஒன்றன் எச்சத்தை ஒன்று தின்னும். விலக்கும் விதிகளைப் பதிக்கும் முன்பே எழுதிக் கையொப்பமிடுங்கள். விலங்குச் சோதனைகளைக் கட்டுரையாக எழுதுவதற்கான, 2020-இல் புதுப்பிக்கப்பட்ட அரைவ் வழிகாட்டுதலின் பத்து இன்றியமையாத அம்சங்களில் குலுக்கல், மறைப்பு, விலக்கு விதி மூன்றும் உள்ளன, பத்திரிகைகள் கேட்பதும் இதையே.

10. எந்தச் செல் செய்தது என்று நிறுவுதல்

கட்டி சுருங்கியது என்பதோடு நின்றால் மதிப்பீட்டாளர்கள் விடமாட்டார்கள். குறிப்பிட்ட செல்லை எதிர்ப்பொருளால் நீக்கி, விளைவு மறைகிறதா என்று காட்ட வேண்டும். பொதுவாக 200 மைக்ரோகிராம் அளவை வயிற்றறைக்குள், சிகிச்சைக்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கொடுப்பார்கள். இதில் மூன்று பொறிகள்.

முதலாவது, நீக்கம் நடந்ததா என்பதைப் பார்க்க, செலுத்திய அதே எதிர்ப்பொருளாலேயே நிறமேற்றுவது. செல் உயிரோடிருந்தும் அதன் குறி மூடப்பட்டிருப்பதால் காலியாகத் தெரியும். சிடி8 குறியின் ஆல்ஃபா இழைக்கு எதிரானதைச் செலுத்தியிருந்தால் அதன் பீட்டா இழையை நிறமேற்றிப் பாருங்கள். இரண்டாவது, சிடி4 செல்களை நீக்கும்போது உதவும் டி செல்களோடு ஒழுங்குபடுத்தும் டி செல்களும் போய்விடும். அதனால் கட்டி வேகமாக வளர்வதற்குப் பதில் மெதுவாக வளர்ந்தாலும் வியக்க வேண்டாம். மூன்றாவது, இயற்கைக் கொல்லி செல்களை நீக்கும் பிகே136 எதிர்ப்பொருள் சி57பிஎல்/6 இனத்தில்தான் வேலை செய்யும். பால்ப்/சி இனத்தில் அந்த எதிர்ப்பொருள் பிடிக்கும் குறியே இல்லை. நான் அறிந்த ஒருவர் அதை பால்ப்/சி சுண்டெலிகளுக்கு ஆறு வாரம் கொடுத்து, "இயற்கைக் கொல்லி செல்களுக்குப் பங்கில்லை" என்று முடிவே எழுதிவிட்டார்.

வேறு இனமான பெரிய எலியில் தயாரித்த எதிர்ப்பொருளைச் சுண்டெலிக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அதற்கு எதிராகவும் எதிர்ப்பு உருவாகும். 4டி1 கட்டி தாங்கிய சுண்டெலிகளில் பிடி-1, பிடி-எல்1 எதிர்ப்பொருள்களைத் தொடர்ந்து கொடுத்தபோது உயிரைப் பறிக்கும் ஒவ்வாமை வந்தது பதிவாகியிருக்கிறது. நான்காம் தவணை முதல், ஊசிக்குப் பின் ஒரு மணி நேரம் கூண்டருகில் இருங்கள்.

11. கட்டியைப் பிரித்துப் பார்த்தல்

கட்டியை எடுத்ததும் எடை போடுங்கள்; பிறகு இந்த எண் இல்லாமல் "மில்லிகிராமுக்கு இத்தனை செல்" என்று சொல்ல முடியாது. கத்தரியால் கூழாக நறுக்கி, கொலாஜனேஸ், டிஎன்ஏஸ் சேர்த்து 37 டிகிரியில் 30 முதல் 45 நிமிடம் வைத்து, 70 மைக்ரான் வடிகட்டியில் தேய்த்து எடுக்க வேண்டும். சில நொதிகள் மேற்பரப்புக் குறிகளையே வெட்டிவிடும் என்பதால், சுண்டெலியின் மண்ணீரலில் பாதியை நொதியோடும் பாதியை நொதியின்றியும் வைத்து, உங்கள் எதிர்ப்பொருள்கள் தாக்குப்பிடிக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். எதிர்ப்பொருள்கள் இலக்கில்லாமல் ஒட்டுவதைத் தவிர்க்கும் எஃப்சி ஏற்பித் தடுப்பும், செத்த செல்லைக் காட்டும் சாயமும் கட்டாயம். பி16 கட்டி கருத்திருந்தால் மெலனின் நிறமி சில ஒளி அலைவரிசைகளில் குழப்பும். நிறமேற்றாத கட்டிச் செல்லை ஒரு கட்டுப்பாடாக ஓட்டுங்கள். விழுக்காட்டோடு நிற்காமல் எண்ணும் மணிகளைச் சேர்த்து எண்ணிக்கையையும் எடுங்கள். பழகியவருக்கே ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு கட்டிக்கு மேல் முடியாது. நாற்பதையும் ஒரே நாளில் எடுக்கத் திட்டமிட்டு, மாலையில் இயந்திரத்தின் முன்பதிவு நேரம் முடிந்து நின்றிருக்கிறேன். இரண்டு மூன்று நாளாகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் எல்லாக் குழுவிலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

12. குணமானவற்றில் மறுபடி பதித்தல்

கட்டி முற்றிலும் மறைந்த சுண்டெலிகளில் நினைவுத்திறன் உருவாகியிருக்கிறதா என்று பார்க்க, 30 முதல் 60 நாள் காத்திருந்து, எதிர்விலாவில் அதே அளவு செல்லைப் பதிக்க வேண்டும். கூடவே கட்டியைக் கண்டிராத சுண்டெலிகளும் வேண்டும், அவை அதே வயதினவாக இருக்க வேண்டும். அப்போது உங்கள் சுண்டெலிகளுக்கு ஐந்து மாத வயதாகியிருக்கும், அந்த வயதுச் சுண்டெலி விற்பனையாளரிடம் எப்போதும் இருப்பதில்லை. ஆகவே முதல் தொகுதியை வாங்கும் நாளிலேயே ஐந்தாறு கூடுதலாக வாங்கி, தொடாமல் வளர்த்துவாருங்கள். கூண்டு-நாள் கட்டணம் கூடும், ஆனால் வேறு வழியில்லை.

நினைவு அந்தக் கட்டிக்கே உரியது என்று காட்ட, அதே இனத்தின் வேறொரு கட்டியையும் சிலவற்றில் பதிப்பார்கள். சிடி26-இலிருந்து குணமானவற்றுக்கு 4டி1-ஐக் கொடுத்துவிட்டு, அதுவும் மெதுவாக வளர்கிறதே என்று குழம்பாதீர்கள். சுண்டெலி மரபணுவிலேயே உறங்கும் ரெட்ரோவைரஸின் ஜிபி70 உறைப்புரதத்தை இரு செல்வழிகளும் வெளிப்படுத்துகின்றன, சிடி26-ஐத் தாக்கும் சிடி8 டி செல்களின் முக்கிய இலக்கே அதன் ஒரு துண்டுதான். எதிர்நிலைக் கட்டியாக எதைத் தேர்ந்தெடுத்தாலும், அதில் ஜிபி70 இருக்கிறதா என்று பிசிஆர் செய்து பார்த்த பிறகே குப்பியை உறைநீக்குங்கள்.